சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சலும் நரம்பு வலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பாதத்தில் இருப்பது நரம்பு வலிதானா, வேறு வலியா என்பதை எப்படி அறிவது?

நரம்பு வலியை அதை விவரிக்கும் சொற்களே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது, ஊசியால் குத்துகிறது, எறும்பு ஊர்கிறது, ஷாக் அடித்தது போலச் சுண்டி இழுக்கிறது, பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது, செருப்பு கழன்று போனதே தெரியவில்லை என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும், எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். இரண்டு பாதங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில், விரல் நுனிகளில் தொடங்கி, காலுறை மூடும் பகுதி முழுவதும் மெல்ல மேலேறும். மூட்டு வலியும் தசை வலியும் நடந்தால் கூடி, ஓய்வில் குறையும். நரம்பு எரிச்சலோ ஓய்ந்து படுத்த பிறகுதான் தலைதூக்கும்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் மட்டும் குதிகால் குத்தினால், அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வின் அழற்சியாகும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுமானால் இரத்தக் குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் வலிக்கும்போது காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் இதமாக இருப்பதும் அதே அடைப்பு முற்றியதன் அடையாளமாகும். இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் வழிந்திறங்கும் வலி முதுகுத்தண்டிலிருந்து வரலாம். சிக்கல் என்னவென்றால், பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவருக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆகவே ‘சுகர்காரருக்குக் கால் எரியத்தான் செய்யும்’ என்று யாரும் பாதத்தைப் பார்க்காமலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் பாதம் ஏன் எரிய வேண்டும்?

பாதத்தின் உணர்வைச் சுமந்து செல்லும் நரம்பு உயிரணுவின் உடல் முதுகுத்தண்டுக்கு அருகில் இருக்கிறது. அதன் இழையோ கால் விரல் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அந்த நீண்ட இழைக்கு வேண்டிய புரதங்களும் ஆற்றல் தரும் உறுப்புகளும் மேலிருந்துதான் கொண்டுபோகப்பட வேண்டும். பல ஆண்டுகள் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் உயர்ந்தே இருக்கும்போது நரம்புக்குள் வேதியியல் நச்சுகள் சேர்கின்றன. நரம்புக்கே இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களும் தடித்துச் சுருங்குகின்றன. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது அல்லவா? அப்படித்தான் மிக நீளமான நரம்பின் கடைசி நுனி முதலில் வாடுகிறது. பாதிப்பு முழங்காலை நெருங்கும் காலத்தில் கை விரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்குவதற்குக் காரணமும் இந்த நீளக் கணக்குதான்.

சர்க்கரை மட்டுமே குற்றவாளி அன்று. உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு கொழுப்பு, புகைப்பழக்கம், மது ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நரம்பைத் தேய்க்கின்றன. சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்புத் தேய்மானம் வருகிறது. அவர்கள் எல்லோருக்கும் வலி வருவதில்லை.

தொட்டால் உணர்வே இல்லாத பாதம் எப்படி எரியும்?

முரணாகத் தோன்றினாலும் இதற்கு விளக்கம் உண்டு. தொடுதலையும் சூட்டையும் தெரிவிக்க வேண்டிய நரம்பு நுனிகள் அழிந்துவிட்டதால் வெளியிலிருந்து செய்தி போவதில்லை. ஆனால் அழிந்த இழையின் மிச்சமும் அருகில் பாதி பழுதான இழைகளும் காரணமின்றித் தாமாகவே மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மூளை அவற்றைப் பாதத்தில் தீப்பட்டதாகவே படித்துக்கொள்கிறது. எனவே ‘கால் மரத்துப்போய்விட்டது, ஆனால் எரிகிறது’ என்று ஒருவர் சொன்னால், வீட்டார் அதைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். அந்த இரண்டும் சேர்ந்த பாதம்தான் இருப்பதிலேயே ஆபத்தான பாதம். எரிச்சல் அவரைத் தூங்கவிடாது, மரத்த தோல் ஆணி குத்தியதைச் சொல்லாது.

பகலில் தாங்கக்கூடிய எரிச்சல் இரவில் மட்டும் ஏன் உயிரை எடுக்கிறது?

பகலில் வேலையும் பேச்சும் நடையும் மூளையின் கவனத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரவில் அந்தப் போட்டி இல்லை. போர்வையின் உரசல், படுக்கையின் சூடு போன்ற சாதாரணத் தொடுதல்களைக்கூடப் பழுதான நரம்பு வலியாக மொழிபெயர்க்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலியைத் தாங்கும் வரம்பு குறைகிறது, வலி கூடினால் தூக்கம் மேலும் கெடுகிறது. இந்தச் சுற்றை உடைப்பதே சிகிச்சையின் முதல் வேலை என்பதால்தான் பல மாத்திரைகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கப்படுகின்றன.

என்னென்ன பரிசோதனைகள் தேவை?

விலையுயர்ந்தவை எதுவும் முதலில் தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலின் சில புள்ளிகளைத் தொட்டுப் பார்ப்பது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பது, குதிகால் தசைநாரைத் தட்டிப் பார்ப்பது, பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பது ஆகிய நான்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் ‘பயோதீசியோமீட்டர்’ என்ற கருவியால் அதிர்வு உணர்வை வோல்ட் கணக்கில் அளப்பதும் உண்டு. 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் அதிர்வு தெரிகிறது என்றால், அந்தப் பாதத்தில் புண் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தும், முதல் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும், ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பாதப் பரிசோதனை நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லாமலேயே பல ஆண்டுகளாக மருந்துச் சீட்டு எழுதித் தரப்படும் நோயாளிகள் நம்மிடையே ஏராளம். நீங்களாகவே கழற்றிக் காட்டுவதில் தவறேதும் இல்லை.

இரத்தத்தில் பி12 வைட்டமின், தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பி12 குறைவும் தைராய்டு குறைவும் சிறுநீரகச் செயலிழப்பும் இதே எரிச்சலைக் கொடுக்கும். காசநோய்க்கான ஐசோனியசிட், சில புற்றுநோய் மருந்துகள், நீண்ட காலக் குடிப்பழக்கம் ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோலில் உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயையும் நம் நாட்டில் நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நரம்பு மின்கடத்தல் சோதனை பற்றி ஒரு சொல். அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது; எரிச்சலைத் தருபவை மெல்லிய இழைகள். ஆகவே சோதனை முடிவு இயல்பாக இருக்கிறது என்பதால் வலி பொய்யாகிவிடாது.

சர்க்கரைக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையால் நரம்பு கெடும் என்கிறார்களே?

மெட்ஃபார்மின் நேரடியாக நரம்பைக் கெடுப்பதில்லை. ஆனால் அதிக அளவில், பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது; முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடாத சைவ உணவினருக்கும் வயதானவர்களுக்கும் இந்தக் குறைவு விரைவில் வரும். இதற்குத் தீர்வு மெட்ஃபார்மினை நிறுத்துவதன்று. ஆண்டுக்கு ஒரு முறையோ, அறிகுறி இருக்கும்போதோ பி12 அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஈடுசெய்வதுதான்.

மருந்துக் கடையில் ‘நரம்புக்கு’ என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் பி12 வகையான மெத்தில்கோபாலமின் கலந்த மாத்திரை. பி12 குறைந்தவருக்கு அது அருமருந்து. குறையாதவருக்கு வலியைக் குறைக்கும் என்பதற்கான சான்று மெலிந்தது. அதே மாத்திரைகளில் சேர்க்கப்படும் பி6 வைட்டமினை அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைப் பழுதாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆல்ஃபா லிபோயிக் அமிலம், பென்ஃபோடியமின் ஆகியவற்றால் சிலருக்குச் சற்று இதம் கிடைக்கலாம் என்றாலும், பணத்தட்டுப்பாடு உள்ளவர் முதலில் வாங்க வேண்டிய மருந்துகள் அவை அல்ல.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் வலி போய்விடுமா?

இனி வரவிருக்கும் பாதிப்பைத் தடுக்கும். வந்துவிட்ட வலியை அழித்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரிடம் வட அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1993இல் வெளியான பெரும் ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு நரம்பு பாதிப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக வந்தது. நம்மிடையே பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் அந்தப் பயன் இவ்வளவு தெளிவாக இல்லை. அங்கே எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் சர்க்கரை ஏறி இறங்கி ஊசலாடும் நாட்களில் எரிச்சல் கூடுவதைப் பலர் தாமே கவனித்திருப்பார்கள். எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சீராக இருந்தால் மருந்தின் வேலையும் எளிதாகிறது.

சர்க்கரை நன்றாகக் குறைந்த பிறகுதான் எனக்கு எரிச்சலே தொடங்கியது. இது எப்படி?

இதை நம்பாதவர்கள் மருத்துவர்களிடையேயும் உண்டு, ஆனால் இது 1933ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவான ஒன்று. நீண்ட காலம் மிக உயர்ந்திருந்த சர்க்கரையை இன்சுலினாலோ மாத்திரையாலோ கடும் உணவுக் கட்டுப்பாட்டாலோ திடீரென இறக்கும்போது, சிலருக்குச் சில வாரங்களில் கடுமையான எரிச்சல் கிளம்புகிறது. மூன்று மாதத்துக்குள் எச்பிஏ1சி அளவு இரண்டு புள்ளிகளுக்கு மேல் இறங்கியவர்களிடம் இந்த வாய்ப்பு அதிகம். இறக்கம் எவ்வளவு பெரிதோ வலியும் அவ்வளவு கடுமை. பயந்துபோய் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. மாதக்கணக்கில் ஆனாலும் இவ்வகை வலி பெரும்பாலும் தணிந்துவிடும். அதுவரை வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு, சர்க்கரையை இனி படிப்படியாக இறக்கும்படி மருத்துவரிடம் பேசலாம். கண் விழித்திரையையும் இந்தச் சமயத்தில் பரிசோதிப்பது நல்லது, ஏனெனில் திடீர் இறக்கம் அதையும் பாதிக்கக்கூடும்.

எந்த மாத்திரை சிறந்தது?

ஒன்றைச் சிறந்தது என்று கூற முடியாது என்பதே நேர்மையான பதில். இங்கிலாந்தில் 130 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்றையும் வெவ்வேறு வரிசையில் கொடுத்துப் பார்த்தது. எதில் தொடங்கினாலும் பத்துக்கு ஏழு என்ற அளவை நெருங்கியிருந்த வலி, பதினாறு வாரத்தில் ஏறத்தாழ மூன்றுக்கு இறங்கியது. ஒரு மருந்து மட்டும் போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது கூடுதல் இதம் கிடைத்தது. எனவே மருந்தைத் தேர்ந்தெடுப்பது அதன் பக்கவிளைவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

அமிட்ரிப்டிலின் மிகப் பழையது, மிக மலிவானது. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டப்படுகிறது. தூக்கம் வராதவருக்கு அதன் மயக்கமே நன்மையாகிவிடும். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும்; புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடும் பெரியவர்களுக்கும், சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் ஏற்றதன்று. நார்ட்ரிப்டிலின் அதே குடும்பத்தில் சற்று மென்மையானது.

டுலாக்செட்டின் பெரும்பாலும் 30 மில்லிகிராமில் தொடங்கி 60 மில்லிகிராமுக்குப் போகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குறையும். வலியோடு மனமும் சோர்ந்திருப்பவருக்கு இது இரட்டைப் பயன் தரும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களும் தவிர்க்க வேண்டும்.

பிரிகாபலினும் கேபாபென்டினும் ஒரே குடும்பம். வேறு மருந்துகளோடு மோதுவது குறைவு என்பது இவற்றின் சிறப்பு. தலைசுற்றல், உடல் எடை கூடுவது, கால் வீக்கம் ஆகியவை இவற்றின் குறை. இவை முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், கிரியேட்டினின் உயர்ந்தவருக்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். அப்படிக் குறைக்காமல் விட்டதால் பெரியவர் பகலெல்லாம் தள்ளாடி, குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் துயரம் தவிர்க்கக்கூடியது. முதல் சில நாட்கள் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. எக்காரணத்தாலும் இவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

பாத எரிச்சலுக்குப் போனால் மனநோய்க்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டார்களே?

மருந்துறையில் இருக்கும் தாளைப் படித்தோ, இணையத்தில் தேடியோ இந்த அதிர்ச்சிக்கு ஆளாகிறவர்கள் பலர். அமிட்ரிப்டிலினும் டுலாக்செட்டினும் மனச்சோர்வுக்கும், கேபாபென்டினும் பிரிகாபலினும் வலிப்புக்கும் பயன்படுபவை என்பது உண்மையே. நரம்பின் மிகைத் துடிப்பை அடக்குவதும், முதுகுத்தண்டில் வலிச் செய்தியைத் தடுக்கும் இயற்கைக் கதவை மூடுவதும் இவற்றின் வேலை என்பதால் பாத எரிச்சலுக்கும் இவை உதவுகின்றன. உங்களுக்கு மனநோய் இருப்பதாக யாரும் முடிவு செய்துவிடவில்லை.

எவ்வளவு நாளில், எவ்வளவு குறையும்?

முதல் மாத்திரையிலேயே அதிசயத்தை எதிர்பார்த்து, மூன்றாம் நாள் பலனில்லை என்று தூக்கிப் போடுவதால்தான் நல்ல மருந்துகள் பல வீணாகின்றன. சரியான அளவை எட்டிய பிறகு நான்கு முதல் எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும். வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே பயனுள்ள குறைவு என்றும், பாதியாகக் குறைந்தால் நல்ல வெற்றி என்றும் மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. இந்த மருந்துகளில் எதை எடுத்தாலும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு வலி பாதியாவதற்கு நான்கு முதல் எட்டுப் பேருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘நூறு விழுக்காடு குணம்’ என்று சுவரொட்டியிலும் கைப்பேசிக் காணொளியிலும் விற்கப்படும் எதையும் நம்பாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

ஒரு சிறு யோசனை: நாட்காட்டித் தாளின் ஓரத்தில், இரவு வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்ற இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பதிலைவிட அந்தத் தாள் மருத்துவருக்குப் பன்மடங்கு பயன்படும்.

கடையில் வாங்கும் வலி மாத்திரை போதாதா?

போதாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை. நரம்பு வலியில் பலன் இல்லை, ஏற்கெனவே சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகத்துக்கோ கேடு. பாரசிட்டமால் கெடுதல் குறைந்தது, பயனும் குறைந்தது. டிராமடால், டபென்டடால் ஆகியவை அபின் குடும்பத்தின் வழியில் வேலை செய்பவை. பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளதால் மற்றவை தோற்ற பிறகு, குறுகிய காலத்துக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்கத்தக்கவை. அதிலும் டுலாக்செட்டினோ அமிட்ரிப்டிலினோ எடுப்பவர் டிராமடாலைத் தாமாகச் சேர்த்துக்கொள்வது அபாயகரமானது. பெயர் தெரியாத ‘மூலிகை’ உருண்டை இரண்டே நாளில் எல்லா வலியையும் போக்கிவிட்டது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிப்பதும், சர்க்கரை எகிறியிருக்கிறதா என்று பார்ப்பதும் புத்திசாலித்தனம்.

தடவும் மருந்துகள், பிளாஸ்டர்கள் பற்றி?

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பு (0.075 விழுக்காடு) நாளுக்கு மூன்று, நான்கு முறை தடவப்படுகிறது. முதல் இரண்டு வாரம் எரிச்சல் கூடத்தான் செய்யும், பிறகு வலியைச் சொல்லும் நரம்பு நுனிகள் அடங்குகின்றன. தடவிய கையால் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது. வெடிப்போ புண்ணோ உள்ள இடத்தில் தடவக் கூடாது. இதே பொருளை 8 விழுக்காட்டுச் செறிவில் கொண்ட பிளாஸ்டரை மருத்துவமனையில் அரை மணி நேரம் ஒட்டி எடுக்கும் முறைக்கு 2020இல் அமெரிக்காவில் பாத நரம்பு வலிக்கான ஒப்புதல் கிடைத்தது. ஒரு முறை செய்தால் மூன்று மாதம் வரை பயன் நீடிக்கலாம். பல மாத்திரைகளை விழுங்கும் முதியவர்களுக்குத் தடவும் மருந்துகள் நல்ல துணை. எதற்கும் மசியாத வலிக்கு முதுகுத்தண்டில் மின்தூண்டல் கருவி பொருத்தும் சிகிச்சையும் இருக்கிறது; அதன் செலவு பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது.

வெந்நீர், மருதாணி, எண்ணெய் ஆகியவை பயன் தருமா?

வெந்நீர் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைத்துத் தோல் வெந்து, அதுவே புண்ணாகி விரலை இழந்தவர்கள் உண்டு. வெந்நீர்ப் பை, செங்கல் ஒத்தடம், உப்பு ஒத்தடம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். பனிக்கட்டியும் அதேபோல ஆகாது. குழாயில் வரும் சாதாரணத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நனைத்து, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்துவிடலாம். மருதாணி குளிர்ச்சி தருவதாகப் பலர் உணர்கிறார்கள். தோட்டத்து இலையை அரைத்துப் பூசுவதில் தீங்கில்லை, நரம்பைச் சீராக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கறுப்பாகப் பிடிக்க வேண்டும் என்று ரசாயனம் கலந்த கடைக் கலவை மட்டும் தோலைப் பொசுக்கிவிடும். தேங்காய் எண்ணெயை வறண்ட குதிகாலில் தடவுவது வெடிப்பைத் தடுக்கும். விரல் இடுக்கில் தடவினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

போர்வை பட்டாலே எரிபவர்கள், படுக்கையின் கால்மாட்டில் ஓர் அட்டைப் பெட்டியையோ சிறு முக்காலியையோ வைத்து அதன் மேல் போர்வையை விரித்தால், துணி பாதத்தில் படாது. செலவில்லாத இந்த ஏற்பாடு, சில வீடுகளில் மாத்திரைக்கு ஈடாக வேலை செய்கிறது.

நடக்கலாமா? கோயிலுக்கு வெறுங்காலோடு போகலாமா?

புண் இல்லாத காலோடு நடப்பது நரம்புக்கும் மனத்துக்கும் நல்லது; வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை சர்க்கரையை மட்டுமன்றி, சிலருக்கு வலியையும் குறைக்கிறது. ஆனால் வெறுங்காலோடு அன்று; வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். எம்சிஆர் என்று கடைகளில் கேட்டு வாங்கும் மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்பு, பின்வாருடன் இருப்பதாகப் பார்த்து, பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கும் பழக்கம், உள்ளே கிடக்கும் கல்லையும் முள்ளையும் காட்டிக்கொடுக்கும்.

கோயில் விஷயத்தில் கட்டளையிடுவது எளிது, கடைப்பிடிப்பது கடினம். சித்திரை வெயிலில் பிராகாரக் கல் காய்ந்திருக்கும் நண்பகலைத் தவிர்த்து, அதிகாலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ போகலாம். தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்ளலாம். திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தீமிதி வேண்டுதலையும் பல நாள் வெறுங்கால் பாதயாத்திரையையும் பொறுத்தவரை சலுகைக்கு இடமில்லை. அந்த நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே போக வேண்டும். அது சீழ்ப்பிடிப்பாக இருக்கலாம், அல்லது எலும்புகள் நொறுங்கிப் பாதமே உருக்குலையும் ‘சார்கோ’ பாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். விரல் கறுத்தல், துர்நாற்றம், எந்தப் புண்ணும், கொப்புளமும், காய்ச்சலும் இதே வரிசையில் வரும். கால் பலவீனம் சில நாட்களிலேயே வேகமாகக் கூடினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ அது சர்க்கரையால் வந்த நரம்பு வலியே அன்று; முதுகுத்தண்டைச் சோதிக்க வேண்டிய அவசரம்.

பல ஆண்டுகளாக இருந்த எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. குணமாகிவிட்டதா?

அப்படியும் இருக்கலாம், ஆனால் கூடுதலான நேரங்களில், வலியைச் சொல்லிக்கொண்டிருந்த கடைசி இழைகளும் ஓய்ந்துவிட்டன என்பதே பொருள். தூங்கும்போது எலி கடித்ததை மறுநாள் காலை இரத்தத்தைப் பார்த்து மட்டுமே அறிந்த நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மருந்தால் வலி அடங்கியவருக்கும் இது பொருந்தும்: மாத்திரை எரிச்சலை மட்டுமே அடக்கியிருக்கிறது, இழந்த உணர்வைத் திருப்பித் தரவில்லை.

வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, வீட்டில் ஒருவர் தம் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு வினாடி, அழுத்தாமல் மெல்லத் தொட வேண்டும். தொட்டது தெரிந்தவுடன் அவர் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், அந்தப் பாதம் உணர்வை இழந்துகொண்டிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் படுக்கும் முன் கண்ணாடி வைத்தோ, பேரப்பிள்ளையைக் கூப்பிட்டோ உள்ளங்காலைப் பார்ப்பதும், அடுத்த பாதப் பரிசோதனைக்கு ஓராண்டு காத்திராமல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் போவதும் அவசியமாகிறது.